நியூட்ரலில் போன வாய்ப்பு

போன வருடம், மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூணாறுக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட் ரோட்டில்தான் இது நடந்தது. நான் ஜீப் ஓட்டுபவன். மகள் அப்போது பிளஸ் டூ. பள்ளியில் சனி, ஞாயிறுகளில் மின்சார வண்டி பழுதுபார்க்கும் பயிற்சி தொடங்கியபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். "பொம்பளப் புள்ள கையெல்லாம் கிரீஸோட வருதே" என்று லைன் வீடுகளில் பேச்சு. எனக்கோ உள்ளுக்குள் ஒரே பெருமை.

கடைசித் தேர்வுக்கு, ஓடாமல் கிடந்த மின்சார ஆட்டோ ஒன்றை ஒவ்வொருவரும் சரிசெய்ய வேண்டும். பாதி சார்ஜில் பள்ளியிலிருந்து கீழே ஜங்ஷன்வரை இறங்கி, நடுவில் சார்ஜ் போடாமல் மேலே ஏறி வர வேண்டும். அதிகம் சார்ஜ் மிச்சம் வைப்பவருக்குக் கொச்சியில் ஒரு சர்வீஸ் சென்டரில் பயிற்சி. இருந்தது அந்த ஓர் இடம்தான். அதற்காக மகள் தூக்கத்தில்கூட வயர், பேட்டரி என்று உளறினாள். பிள்ளைகளுக்கு லைசென்ஸ் கிடையாது; அதனால் ஓட்டுவது வீட்டுப் பெரியவர்கள். நம்மை விட்டால் யார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

"யப்பா, எறக்கத்துல ஆக்சிலேட்டர விட்டாப் போதும். மோட்டாரே வண்டியப் பிடிக்கும், அப்பத்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்" என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தாள். தலையை ஆட்டினேன். புரிந்துதான் ஆட்டினேன்.

வண்டி ஓடும்போது பின்னால் இருக்கும் பிள்ளை வாய் திறக்கக் கூடாது என்பது விதி. பயிற்சி கொடுக்கும் சாரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் வளைவு தாண்டி இறக்கம் வந்ததும் என் கை தானாகப் போய் வண்டியை நியூட்ரலுக்கு மாற்றிவிட்டது. எங்கள் மலையில் ஜீப் ஓட்டுகிற முக்கால்வாசிப் பேர் டீசல் மிச்சம் பிடிக்கச் செய்கிற வேலை அது. மோட்டார் சும்மா கிடந்தது. பேட்டரிக்கு ஒன்றும் ஏறவில்லை. கண்ணாடியில் மகளின் முகம் வெளிறித் தெரிந்தது. வேகத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து, அவளைப் பார்த்துச் சிரித்தேன். பாவி நான்.

திரும்பி ஏறும்போது, பள்ளி கேட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சார், தப்பு என்னுது. புள்ள வண்டிய நல்லாத்தான் செஞ்சிருக்கு. இன்னொரு தடவ விடுங்க" என்று கெஞ்சினேன்.

"சாரமில்ல சேட்டா, பரவாயில்ல விடுங்க. எல்லாருக்கும் ஒரே சான்ஸ்தான்" என்று மலையாளம் கலந்து சொல்லிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. இடம் வேறொரு பிள்ளைக்குப் போனது.

வீட்டுக்கு வரும் வழியில் மகள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "கைப்பழக்கம்ப்பா. விடுங்க."

இப்போது அவள் மூணாறில், டூரிஸ்ட்டுகள் வருகிற ஒரு சாக்லேட் கடையில் வேலைக்கு நிற்கிறாள். அந்த ஆட்டோவைப் பற்றி இன்றுவரை ஒரு பேச்சு எடுத்ததில்லை. அன்றைக்கு என்னை அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.