அத்தைக்கு வந்த மாலை ஜெபம்

பிள்ளைகளே, போன் பில் வந்தால் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார் என்று நீங்கள் இருவரும் கேலி பேசுவது எனக்குத் தெரியும். பேசுங்கள். ஆனால் கடைசியில் இருக்கிற மொத்தத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். நம் வீட்டு பில் ஒன்றுதான், அதற்குள் நான்கு நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் உள்ளே தனியாகப் போட்டிருக்கும். நாம் கேட்காத பெயர் ஏதாவது தெரிந்தால் அங்கேயே விரலை வைத்து, இது என்ன என்று கேளுங்கள். கேட்டால் நிறுத்துவார்கள். கேட்காவிட்டால் மாதா மாதம் போய்க்கொண்டே இருக்கும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது உங்கள் அத்தையின் நம்பரில்.

மாமா இறந்த பிறகு அக்காவை ஹெப்பகோடிக்கே, நம் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னோம். தன் பங்குக் கோயிலை விட்டு வரமாட்டேன் என்று லிங்கராஜபுரத்திலேயே, மூன்றாவது மாடி ஒற்றை அறையில் இருந்துகொண்டாள். அவள் போனையாவது நம் பில்லில் சேர்த்துவிடலாம் என்று சேர்த்தேன். கம்பெனியில் ஓவர்டைமை நிறுத்திய சமயத்தில்தான் பில் ஏன் இவ்வளவு வருகிறது என்று உள்ளே பார்த்தேன். அக்கா நம்பருக்கு நேராக இங்கிலீஷில் ஏதோ ஒரு பெயர், அதற்கு ஒரு தொகை, அதற்கு மேல் வரி வேறு. கஸ்டமர் கேரில் பேசிய பெண் கன்னடத்தில் பொறுமையாகத்தான் சொன்னாள். அது தினமும் ஜெபம் சொல்லும் சர்வீஸாம். போனில் ஒன்றாம் எண்ணை அழுத்தி ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம். நிறுத்துவதென்றால் அந்தப் போனிலிருந்தே நிறுத்த வேண்டுமாம்.

வார லீவில் போனேன். அக்கா எனக்கு டீ போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. உடனே அடுப்பைத் தணித்தாள். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள். என்னைப் பேசாதே என்று கையைக் காட்டினாள்.

"அன்பான சகோதரி, இன்றைய நாள் உங்களுக்குக் கடினமாக இருந்ததா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஜெபிக்கிறவர்களுக்காக விட்ட இடம் அது.

"ஆமாம்மா, முட்டி வலி. படி ஏற முடியல" என்றாள் அக்கா.

குரல் ஒரு வசனம் வாசித்தது. மறுபடியும் இடம் விட்டது. தண்ணீர் வராததை அக்கா சொன்னாள். தம்பி வந்திருக்கிறான் என்பதையும் சொன்னாள். அதற்குள் குரல் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

முடிந்ததும், இது எப்படி வந்தது என்று கேட்டேன். திருவிழா சமயத்தில் வயசானவர்களுக்காக ஜெபிக்க என்று கோயிலில் எல்லோருடைய போன் நம்பரையும் வாங்கியிருந்தார்கள். சில நாளிலேயே இந்தப் போன் கால் வந்திருக்கிறது. கோயிலிலிருந்துதான் என்று நினைத்து அது சொன்னபடி ஒன்றை அழுத்தியிருக்கிறாள். கான்வென்ட் சிஸ்டர் ஒருத்தி தினமும் தன்னை விசாரிக்கிறாள் என்று பூசைக்கு வரும் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு, போனில் பேசும் சிஸ்டருக்குக் கொடுங்கள் என்று ஒரு டப்பா குல்குல் பலகாரத்தைப் பங்கு ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அங்கே யாரும் எதுவும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"அக்கா, அது கோயில்ல இருந்து வர்ற கால் இல்லக்கா. ரெக்கார்ட் பண்ணி வச்சது."

"மிஷின்னு எனக்குத் தெரியாதாடா? பேசறதுக்குப் பதில் சொல்லலன்னா மிஷின்தானே. ஆனா நம்ம சிஸ்டர் பேசி அனுப்பறாங்கன்னு நெனச்சேன்."

டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு யார் பில்லில் வருகிறது என்று கேட்டாள். நம் பில்லில்தான் என்று சொன்னேன். இருக்கட்டும் அக்கா, பெரிய தொகை ஒன்றும் இல்லை என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் ஓவர்டைம் நின்ற கதையை உங்கள் அம்மா அவளிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

"எத நிறுத்தணும்னு காட்டு" என்றாள்.

காட்டினேன். வேறொரு குரல் வந்தது. நிச்சயமாக நிறுத்த வேண்டுமா, வேண்டுமென்றால் இரண்டை அழுத்தவும் என்றது. அக்கா விரலை அந்த இடத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டு, போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"வரேம்மா. நல்லா இரு."

சொல்லிவிட்டுத்தான் அழுத்தினாள்.

மறுநாள் எனக்கு இரண்டாவது ஷிப்ட். அந்தக் கால் வருகிற நேரத்துக்கு டீ பிரேக் கேட்டு வாங்கி, லாக்கரிலிருந்து போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னடா, யாருக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான்."

"வேலை நேரத்துல என்னடா சும்மா? வை. உங்க சூப்பர்வைசர் பாத்தா திட்டப்போறான்."

வைத்துவிட்டாள். எத்தனையோ வருஷமாக அவளுக்கு நான் ஏதாவது விஷயம் இருந்தால்தான் போன் செய்திருக்கிறேன் போலிருக்கிறது. சும்மா பேச எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. மிஷினிடம் முட்டி வலியைச் சொன்னவள் என்னிடம் சொல்லவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

டீ பிரேக் முடிய இன்னும் நேரம் இருந்தது. கேன்டீனுக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் ஆள் யாரும் இல்லை. போனில் பைபிளிலிருந்து திருப்பாடல் ஒன்றைத் தேடி எடுத்தேன். நாளைக்கு அவளுக்கு வாசித்துக் காட்டலாம் என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே நாக்கு தடுக்கியது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதலிலிருந்து மறுபடியும் படித்தேன், இந்தத் தடவை மெதுவாக, வரிக்கு வரி கொஞ்சம் இடம் விட்டு.