லாவெண்டருக்கு வந்த இரவல் வீரம்

ஆய்வகக் கதவில் அவளுக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. வீட்டில் 'கிருமி அண்ணி'. சூட்டியவள் நாத்தனார், கணவரின் தங்கை. கல்யாணமான புதிதில் அண்ணி, என்ன வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் "கிருமி வளர்க்கிறேன்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரோஜா வளர்க்கலாம், நாய் வளர்க்கலாம். கிருமி வளர்க்கிறேன் என்றால் பட்டப்பெயர் வராமல் பட்டுச்சேலையா வரும்?

உண்மையில் அவள் வளர்ப்பது கொல்வதற்காக. பாக்டீரியாவுக்கு வேண்டியதை வேளாவேளைக்கு ஊட்டி, இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் படுக்கவைத்து, மறுநாள் எவ்வளவு செத்தது என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பாள். மாமியார் கொடுமை என்று நாம் சொல்வதெல்லாம் இதன் முன் வெறும் பேச்சு.

கொல்லும் ஆயுதம் மூலிகை எண்ணெய். புதினா, ரோஸ்மேரி, தைம் என்று எது கிடைத்தாலும் நீராவியில் வேகவைத்து எண்ணெய் வடிப்பாள். கூடை கூடையாக இலை போட்டாலும் வருவது கரண்டி அளவுதான். அதில் ஒரு சொட்டைச் சின்னத் தாள் வில்லையில் விட்டு, பாக்டீரியா பூசிய தட்டின் நடுவே வைப்பாள். மறுநாள் வில்லையைச் சுற்றி எதுவும் முளைக்காத வளையம் இருந்தால் எண்ணெய்க்கு வீரம் உண்டு. வளையம் எவ்வளவு பெரிதோ வீரமும் அவ்வளவு. வளையமே இல்லாவிட்டால் தலைக்குத் தேய்த்துக்கொள்ளலாம்.

மாலையில் அவளுக்கு முன்பே அவள் வாசனை வீடு வந்து சேரும். "இன்னிக்குப் புதினாத் துவையலா?" என்று கணவர் நம்பிக்கையோடு அடுப்பங்கரையை எட்டிப் பார்ப்பார். அங்கே காலையில் அவர் கழுவாமல் போன பாத்திரம்தான் காத்திருக்கும்.

வாசனை எல்லோரையும் அப்படி நம்பிக்கை கொள்ளவைக்கவில்லை. பக்கத்து அறையில் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார்.

"மேடம், இதே கட்டடத்துலதான் நாங்களும் மூச்சு விடணும். நீங்க அந்தக் கதவைத் திறந்தா எனக்கு மண்டை பிளக்குது."

சண்டை அவளுக்கு வராது. காற்றுப் புகாத பெரிய டப்பா ஒன்றை வாங்கி, வாசனையடிக்கும் தட்டுகளை எல்லாம் அதற்குள் அடுக்கி, இறுக மூடி இன்குபேட்டரில் வைத்தாள். எண்ணெயே விடாத வெறும் வில்லையோடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு தட்டு எப்போதும் உண்டு. அதற்கு வாசனை கிடையாது; ஆகவே டப்பாவும் கிடையாது. அது டப்பாவுக்கு வெளியே நிம்மதியாகக் கிடந்தது. இதைவிட நியாயமான ஏற்பாடு உண்டா?

டப்பா வந்த பிறகுதான் லாவெண்டர் வந்தது. முதல் சோதனையிலேயே தைமுக்குச் சமமாக வளையம் போட்டது. எண்ணெயைப் பிரித்துக் காட்டும் எந்திரத்தில் கொடுத்துப் பார்த்தாள். தைமில் தைமாலும் கார்வக்ராலும் இருந்தன. பாக்டீரியாவின் மேல்தோலைக் கிழித்துவிடும் முரட்டுச் சரக்கு. லாவெண்டரில் இருந்ததோ லினலூலும் அதன் சொந்தபந்தங்களும். கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்கிற ரகம். இதுவா கொன்றது?

"கூட்டு விளைவுன்னு எழுதும்மா," என்றார் துறைத் தலைவர். "நாலஞ்சு பொருள் ஒண்ணா சேர்ந்து வேலை செய்யுது."

கூட்டு விளைவு என்பது தெரியாது என்பதன் படித்த வடிவம். அவளும் கட்டுரையில் அப்படியே எழுதினாள்.

செய்தி நாத்தனாரை எட்டியது. அவள் வீட்டிலேயே திரவச் சோப்பு காய்ச்சி விற்பவள். லாவெண்டர் சோப்புக்குப் புது லேபிள் அடித்தாள்: 'கிருமிக்கு எமன். ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது.' பிரசவ மருத்துவமனை ஒன்று, வார்டில் கைக்குப் போடும் கிருமிநாசினியை எடுத்துவிட்டு இந்தச் சோப்பை வைக்கச் சம்மதித்தது. "எங்க அண்ணி பெரிய சயின்டிஸ்ட்" என்று நாத்தனார் நாலு பேர் முன்னால் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கிடைத்த முதல் மரியாதை. அண்ணிக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்த வாரமே இன்குபேட்டரை மாணவர்களின் தட்டுகள் அடைத்துக்கொண்டன. வெளியே இடமில்லாமல், வெறும் வில்லைத் தட்டையும் டப்பாவுக்குள் செருகினாள். மறுநாள் பார்த்தால் அந்தத் தட்டில் பாக்டீரியா, சொட்டை விழுந்த தலையில் முடி போல அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. வெறும் தாள் எதைக் கொன்றது? தாளுக்கும் கூட்டு விளைவா?

டப்பாவின் மூடியைத் திறந்ததும் மூக்கைத் தூக்கிய தைம் வாசனை பதிலைச் சொல்லிவிட்டது. தைம் ஆவியாகி டப்பா முழுக்கச் சுற்றி வந்திருக்கிறது. அண்டை அயல் தட்டுகளையும் சேர்த்து அழித்திருக்கிறது. பாதி செத்துக் கிடந்ததைச் சுற்றி வளையம் போட்டு, பெயரை லாவெண்டர் வாங்கிக்கொண்டது. லாவெண்டரை மட்டும் தனி டப்பாவில் வைத்துத் திரும்பச் சோதித்தாள். பாக்டீரியா செழித்துக் கிடக்க, வில்லையைச் சுற்றிப் பேருக்கு ஒரு கோடு.

கட்டுரையைத் திருத்திக்கொள்ளலாம். நாத்தனாரை? வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதை நிலைக்கும்; மருத்துவமனையில் கிருமியும் நிலைக்கும். நேரே அவள் வீட்டுக்குப் போனாள். அங்கே புட்டிகள் புறப்படத் தயாராகப் பெட்டியில் நின்றன.

"லாவெண்டர் கொல்லலை."

"யாரை?"

"கிருமியை. பக்கத்துல இருந்த தைம்தான் கொன்னிருக்கு. எல்லாத்தையும் ஒரே டப்பாவுல வெச்சுட்டேன்."

நாத்தனார் இடுப்பில் கை வைத்தாள். "சோப்பையும் காப்பித்தூளையும் ஒரே அலமாரியில வெச்சா காப்பியில சோப்பு வாசனை அடிக்கும். இது தெரியாமலா அண்ணி டாக்டர் பட்டம் குடுத்தாங்க?"

"அது வேற பாடம்."

"சரி, தைமையே ஊத்திக் காய்ச்சிடறேன்."

"சோப்புல எவ்வளவு ஊத்தினா வேலை செய்யும்னு நான் சோதிக்கலை. கை வெந்தாலும் வெந்துடும்."

"அப்ப லேபிள் இப்படியே இருக்கட்டும். யாரு போய் கிருமிகிட்ட கேக்கப் போறாங்க?"

"பொறந்த குழந்தையைத் தூக்குற கை அது. இருக்கிற மருந்தை எடுத்துட்டு உன் சோப்பை வைக்கிறாங்க."

நாத்தனார் பெட்டியை மூடினாள். பிறகு போனில் மருத்துவமனை எண்ணைப் போட்டு அண்ணியின் கையில் திணித்தாள். "நீங்களே சொல்லுங்க. தப்பு உங்களோடது. அழணும்னாலும் நீங்களே அழுதுக்குங்க."

அவள் சொன்னாள். டப்பா, தைம், தாள் வில்லை எல்லாவற்றையும் சொன்னாள். தலைமைச் செவிலி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழைய மருந்து இருக்கட்டும். வாசனை நல்லாத்தான் இருந்துது. வேணும்னா பார்க்க வர்றவங்க கை கழுவுற இடத்துல வெச்சுக்கறோம். ஆனா எமன் உள்ள வரக் கூடாது. இது பிரசவ ஆஸ்பத்திரி" என்றாள்.

வெந்நீர் வைத்து, இருவரும் தரையில் உட்கார்ந்து லேபிள்களைச் சுரண்டினார்கள். சோப்பைவிடப் பசை தரமானது, நகம்தான் உரிந்தது.

"இதுக்குப் பதிலா என்ன போடறது?" என்றாள் நாத்தனார்.

"கையைச் சுத்தமாக்கும்னு போடு."

"அது எல்லா சோப்பும் பண்ணும்."

"ஆமா."

"இதைக் கண்டுபிடிக்கவா இவ்வளவு வருஷம் படிச்சீங்க?"

"ஆமா," என்று அடுத்த புட்டியை எடுத்தாள்.