ஆறு கம்பியும் சுப்புத்தாயும்

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், ஸ்டோருக்குத் தீப்போடுகிறவனாக இருந்தான் பேச்சிமுத்து. பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, அடியில் ஓடும் தகரக் குழாயின் சூட்டில் உலர்த்துகிற கட்டிடத்துக்குத்தான் அங்கே ஸ்டோர் என்று பேர். சூடு கூடினால் காய் பச்சை நிறம் போய் வெளுத்துவிடும், குறைந்தால் பூசணம் பிடித்துவிடும். அடுப்பு வாயை விட்டு நகர முடியாத சோலி. ஆனால் தொழிலாளிகள் வரிசை வீடுகளான லயத்தில் அவனைத் தீப்போடுகிறவன் என்று யாரும் சொல்வதில்லை. கிடார்க்காரன் என்றுதான் சொல்வார்கள். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

தோட்டத்து மிஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்தியரான சட்டைக்காரத் துரை ஐம்பத்து மூன்றாம் வருஷம் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். சாமான்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒருத்தன் கட்டிலைத் தூக்கினான், ஒருத்தன் கண்ணாடி அலமாரியைத் தூக்கினான். பேச்சிமுத்து சுவரில் தொங்கிய கிடாரைக் காட்டினான். துரை அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது விளையாட்டுச் சாமான் இல்லே, பேச்சி. எந்தக் கம்பியிலே எந்தக் கட்டத்திலே என்ன சொரம்னு தூக்கத்திலே எழுப்பிக் கேட்டாலும் சொல்லணும். அப்புறந்தான் பாட்டு."

சொரங்களுக்கு ஏ-யிலிருந்து ஜி வரை ஏழு பேர், திரும்பவும் ஏ. பி-க்கும் சி-க்கும் இடையிலும், ஈ-க்கும் எஃப்-புக்கும் இடையிலும் கட்டம் விடக்கூடாது. மற்றதற்கெல்லாம் ஒரு கட்டம் தள்ள வேண்டும். அவ்வளவையும் சொல்லிக் கொடுத்துவிட்டுத் துரை ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அன்றிலிருந்து பேச்சிமுத்துவின் வாய் ஓயவில்லை. விறகைத் தள்ளும்போது, "தடிச்ச கம்பி ஒண்ணாங் கட்டம் எஃப், மூணாங் கட்டம் ஜி, அஞ்சாங் கட்டம் ஏ" என்பான். சாம்பலை வாரும்போது அடுத்த கம்பி. வீட்டுக்கு வந்ததும் கிடாரை மடியில் வைத்துக் கட்டம் கட்டமாக விரலை அமுக்கிப் பேர் சொல்வான். ஆனால் கம்பியைத் தட்ட மாட்டான். அறுந்து போனால் மதுரைக்குத்தான் ஓட வேண்டும். அதைவிட, எல்லா இடமும் மனசில் ஏறாமல் சத்தம் எழுப்புவது துரை சொன்ன வாக்குக்கு விரோதம் என்று ஒரு நினைப்பு.

அவன் பெண்சாதி சுப்புத்தாய் காய் எடுக்கப் போகிறவள். அதிகம் பேசாதவள். கைக்குழந்தை சிணுங்கும்போது மட்டும் கேட்பாள்.

"ஏங்க, ஒரு பாட்டு வாசிங்களேன். புள்ளை தூங்கட்டும்."

"முழுசும் மண்டையிலே ஏறட்டும்டி. அரைகுறையா வாசிச்சா கை கெட்டுப் போகும்."

ஒருநாள் அவள், "தடிச்ச கம்பியிலே அஞ்சாங் கட்டத்தை அமுக்கினா வர்ற சத்தமும், அதுக்கடுத்த கம்பி சும்மா இருக்கிறப்ப வர்ற சத்தமும் ஒண்ணுதானே?" என்றாள். அவன் யோசித்துப் பார்த்தான். இரண்டுமே ஏ. சரிதான். ஆனால் தட்டாத கம்பியின் சத்தம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. "அதைத்தானே நான் வருசக்கணக்கா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டான்.

ஐம்பத்து ஐந்தில் ஆடிச் சாரல் பிடித்துக்கொண்ட நேரம். ஸ்டோரில் குழாய் ஒன்று ஓட்டை விழுந்து புகை பரவ, தீயை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். பேச்சிமுத்து பட்டப்பகலில் லயத்துக்குத் திரும்பினான். குழந்தைக்குக் காய்ச்சல் என்று சுப்புத்தாய் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. தூரத்திலேயே சத்தம் கேட்டது. அவன் வீட்டு வாசலில் நாலைந்து பேர் சாக்குக் கொங்காணியை மூடிக்கொண்டு மழையில் நின்றார்கள். உள்ளே சுப்புத்தாய் குழந்தையைக் காலில் கிடத்தி, கிடாரைக் குறுக்கே வைத்து, அவள் ஆத்தா பாடிய தாலாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒற்றை விரலால்தான். ஆனாலும் வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே இழுத்தாள், எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே விட்டாள்.

முதலில் பேச்சிமுத்துவுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்போடு அவன் உள்ளே போயிருந்தால் அவர்கள் வாழ்க்கையே வேறு மாதிரி ஆகியிருக்கும். அதற்குள் பக்கத்து வீட்டுக் காசிமாயன் திரும்பிப் பார்த்துவிட்டான்.

"அட மாப்ளே, உள்ளே வாசிக்கிறது நீயின்னுல்ல நெனச்சோம்! இம்புட்டு நாளா நீ பேரு சொன்னே. ஒம் பொண்டாட்டி அதைப் பேசவே வச்சுட்டாளே!"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் பேச்சிமுத்துவுக்குக் காது சுட்டது. நேரே போய் அவள் முன்னால் நின்றான்.

"இப்ப அமுக்கினியே, அந்த எடத்துக்குப் பேரென்ன?"

சுப்புத்தாய் விழித்தாள். "பேரெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. சத்தம் அங்கனதான் இருந்துச்சு."

"பேரே தெரியாதவளுக்கு எதுக்குடி இது?"

வாசலில் சிரிப்பு நின்றது. அவள் கிடாரை மெதுவாகப் பாயில் வைத்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அழவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வீம்பில் கிடாரைக் கொண்டுபோய் ஸ்டோரில் மாட்டினான். குழாய் சரியாகி மறுபடி தீ மூட்டினார்கள். ஏலக்காயைச் சுருக்குகிற சூடு மரத்தை மட்டும் சும்மா விடுமா? கோபம் தணிந்து அவன் இறக்கிப் பார்த்தபோது பசை விட்டு, முதுகுப் பலகை வாயைப் பிளந்திருந்தது. போடிக்குக் கொண்டுபோய் ஓர் ஆசாரியிடம் கொடுத்து ஒட்டி வாங்கி வந்தான்.

"இந்தா, நீயே வாசி. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

அவள் மரியாதைக்கு வாங்கி ஒரு கம்பியைத் தட்டினாள். பானைக்குள் கல் விழுந்த மாதிரி இருந்தது. "நல்லாத்தான் ஒட்டியிருக்காரு" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகும் எத்தனையோ தடவை கேட்டான். ஒரு நாள் சோறு கொதிக்கிறது, ஒரு நாள் தண்ணிக்குப் போக வேண்டும் என்று நழுவினாள்.

இதற்கு நடுவில் பேச்சிமுத்துவுக்கு எல்லா இடமும் மனப்பாடமாகிவிட்டது. எந்தக் கம்பி, எந்தக் கட்டம் கேட்டாலும் தயங்காமல் சொன்னான். ஒரு பாட்டு வாசிக்கலாம் என்று உட்கார்ந்தால், பேர்கள் முந்திக்கொண்டு வந்து நின்றன. பாட்டு வரவில்லை.

ஐம்பத்து ஒன்பதில் மலையை விட்டு இறங்கிப் போடியில் குடியேறினார்கள். ஒரு மத்தியானம் சுப்புத்தாய் முற்றத்தில் மிளகாய் வற்றல் கிளறிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய்க் குத்தவைத்தான். அதைச் சொல்ல அவனுக்கு நாலு வருஷம் பிடித்திருந்தது.

"சுப்பு, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைக்கு?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எந்த நாள் என்று தெரியாமல்தான் கேட்டாள். பேச்சிமுத்து பதில் சொல்ல வாயெடுத்தான். அந்தச் சாரல் நாளோடு, அவள் வாயை அடைத்த வேறு பல நாட்களும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. அவள் காத்துப் பார்த்துவிட்டு, "வத்தல் மேலே நெழல் விழுது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.

அவன் தள்ளி உட்கார்ந்தான்.