பச்சையம்மாக்காவின் நூறு கைநாட்டு

அமெரிக்காக்காரன் ராக்கெட் விடுவதற்கு முன்னால் அடி அண்ணாமலைப் பச்சையம்மாக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் விடுகிறான் என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான். ஆனால் அக்காவை நேரில் பார்த்தவர்கள் யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை.

அக்காவுக்கு நாற்பது வயது. புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டான். அக்காவுக்கு மிஞ்சியது முப்பது சென்ட் மல்லித் தோட்டம். பறித்த பூவை ஈரத்துணியால் மூடி, மூக்கை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே கோயில் வாசலுக்குக் கொண்டுபோவாள். மோந்த பூ சாமிக்கு ஆகாது. அவள் பூவின் வாசனை ஊருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாது என்று நான் கிண்டல் செய்வேன்.

2002இல் அந்தத் தோட்டத்து வேலியை ஒட்டிய புறம்போக்கில் குப்பையை எருவாக்கும் ஆலை வரப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டம் புண்ணியத்தை மூட்டை கட்டிக்கொண்டு போகிறது. மிச்சத்தை எங்களுக்கு விட்டுவிடுகிறது. மறுநாள் அந்தப் பாதையில் நடந்து பாருங்கள். பாதி தின்ற புளிசாதம் தொன்னையோடு வெயிலில் நுரைத்துக் கிடக்கும். தண்ணீர் பாக்கெட் காலில் பிசுபிசுக்கும். எவன் வீட்டுக் குழந்தையின் பீத்துணியையோ பன்றி இழுத்துக்கொண்டு போகும். இத்தனையையும் டவுன் குப்பையோடு சேர்த்து அக்காவின் வேலியோரம் கொட்டுவார்களாம். அது எருவாவதற்குள் நாங்கள் வாந்தியெடுத்தே செத்துவிடுவோம்.

ஒரு காலையில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பேன்ட்டை மார்புவரை ஏற்றியிருந்த அதிகாரி, "துளிகூட நாத்தம் வராதுங்க. எல்லாம் மூடின ஷெட்டு" என்றார். உங்கள் வீட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வீர்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவர் கொடுத்த டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் குமட்டியது. நானும் ரெண்டு டம்ளர் குடித்தேன், அது வேறு விஷயம்.

கோயிலுக்குப் புறப்பட்ட கூடையோடு அக்கா எழுந்தாள். "சார், இது எப்படிக் கீதுன்னு பாருங்க" என்று துணியை விலக்கினாள். அவர் குனிந்து நன்றாக இழுத்து மோந்தார்.

"வாசனை ஜோரா இருக்கும்மா."

"போச்சு சார். நீங்க மோந்துட்டீங்க, இந்தக் கூடை இனிமே சாமிக்கு ஆவாது. ஒரு மூக்குக்கே இந்தக் கதி. ராவும் பகலும் குப்பை நாத்தம் அடிச்சா என் தோட்டத்துப் பூவை எவன் சாமிக்கு வாங்குவான்? நான் எதை வெச்சுப் பொழைக்கறது?"

உறிஞ்சும் சத்தம் நின்றது. அதிகாரி மூக்கைத் தடவிக்கொண்டார். "வாயால சொன்னா பத்தாதும்மா. திங்கக்கிழமைக்குள்ள நூறு பேர் கையெழுத்தோட மனு குடுங்க. வேற இடம் பாக்கச் சொல்லி மேல அனுப்பறேன்."

மனுவை எழுதியது பத்தாவதில் மூன்று முறை ஃபெயிலான நான். ஆள் பிடிக்கும் பொறுப்பும் எனக்கே. அறுபத்திரண்டு பேர் போட்டார்கள். லாட்ஜ் கோதண்டராமன், "குப்பை எங்கயாவது போயாகணுமே தம்பி" என்றார். எங்கயாவது என்றால் அவர் லாட்ஜ் வாசலைத் தவிர. சிலருக்கு ஆலையில் வாட்ச்மேன் வேலை ஆசை. இவர்களுக்குப் பௌர்ணமிக் குப்பையே தேவலை என்று தோன்றியது.

ஞாயிறு மாலை மனுவை நீட்டினேன். "நூறும் ஆச்சு யக்கா."

அக்காவுக்கு எழுத்து தெரியாது. தாள்களைத் தலைகீழாகப் பிடித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அவள் கையெழுத்துகளைத் தாண்டிக் கைநாட்டுகளில் விரலை வைத்தாள்.

"இது யாருது?"

"இருசப்பன் பெரியப்பா."

"இது?"

"தனம் அத்தை."

"இது?"

"அது... மணிவேல் மாமா."

"மணிவேலு பேங்க்ல வேலை செய்யறான். அவன் எதுக்குடா கைநாட்டு வெச்சான்?"

"பேனா இல்லன்னாரு யக்கா."

"கையைக் காட்டு."

பின்னால் கட்டிக்கொண்டேன். இழுத்து விரித்தாள். கட்டை விரலில் மை இன்னும் காயவில்லை.

"ரேஷன் கடையில, பத்திரத்துல, எல்லாத்துலயும் கைநாட்டு வெச்சே காலம் தள்றவ நான். எனக்கா ரேகை தெரியாது? போன வாரம் மாங்கா அறுக்கறேன்னு கட்டை விரலைக் கிழிச்சுக்கினியே. இத்தினி பேருக்கும் அதே கிழிசல் எப்படிடா வந்துது? நாளைக்கு அந்த ஆளு இதைப் பாத்தா, நெஜமா வெச்சவங்களையும் சேத்துக் கிழிச்சுப் போடுவான்."

நான் வைத்த முப்பத்தெட்டும் இருந்த கடைசித் தாளைச் சுக்கலாகக் கிழித்தாள்.

"மை டப்பாவை எடு. மணிவேலு வீட்லருந்து ஆரம்பி, நான் பின்னாலயே வரேன்." வாசல் தாண்டியவள் திரும்பி அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

"மொதல்ல கண்ணைக் கழுவு. மை விரலாலயே தொடச்சு ரெண்டு பக்கமும் வழிஞ்சு கீது. அழுதுக்கினேவா வெச்ச?"