நாலாவது மைக்கில் கேட்ட மூச்சு

பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பித் தேநீர் போடப் போய்விடுகிற ஆள் நான். என் தொழில் ஒலிப்பதிவு. என்னைப் பொறுத்தவரை எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும்; வயர் பழுது, எர்த் சரியில்லை, பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, இப்படி ஏதாவது. ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் கோபிக்க மாட்டேன். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

நாங்கள் இருப்பது சுவிட்சர்லாந்தில், சோலோதுர்ன் நகரில். பழைய கசெட்டுகளையும் ஒலிநாடாக்களையும் கணினிக்கு மாற்றிக் கொடுப்பேன், கோடையில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி பூட்டுவேன். 2009இல் ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லி ஜெனீவாவில் நடந்த ஊர்வலங்களுக்கு ஒலிபெருக்கி பூட்டியதும் நான்தான். அந்த வருடம் கத்திக் கத்தி எல்லோருக்கும் தொண்டை போயிருந்தது. அதற்குப் பிறகு வெகுநாள் எனக்கு எந்தப் பாட்டும் கேட்கப் பிடிக்கவில்லை, ஒரேயொரு குழுவைத் தவிர.

அது அமெரிக்காவின் பழைய சோல் இசைக் குழு. பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்களின் பிள்ளைகள் இந்தக் கதை பரவுவதை விரும்பவில்லை. ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே தேவாலயத்தில் பாடிய நாலு கறுப்பின நண்பர்கள். அவர்களின் முதல் இசைத்தட்டுகளை நீங்கள் கேட்கவேண்டும். ஒரே மைக்கைச் சுற்றி நாலு பேரும் நிற்பார்கள், குரல் பெருத்தவன் ஓர் அடி தள்ளி நிற்பான், ஒருவன் பிழைவிட்டால் எல்லோரும் முதலிலிருந்து பாடவேண்டும். ஒரு குரல் எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று இத்தனை வருடம் இதே வேலையாக இருக்கிற என் காதுக்கே பிடிபடாது. பிறகு டிஸ்கோ வந்தது, மற்றக் குழுக்கள் உடைந்து ஆளுக்கொரு பக்கம் வழக்குப் போட்டார்கள், இவர்கள் மட்டும் ஓர் ஆளைக்கூட மாற்றாமல் நின்றார்கள்.

நாலு பேரில் மேல்சுரம் பாடுகிறவர் லீரோய். பாட்டின் கடைசியில் அவர் குரல் மேலே எழும்பும் பாருங்கள், இப்போதும் எனக்கு மயிர் கூச்செறியும். ஐரோப்பியப் பயணம் ஒன்று தொடங்க இருந்தபோது அவர் திடீரென்று இறந்துபோனார். மற்ற மூவரும் அவருக்குப் பதில் யாரையும் சேர்க்காமல் வந்தார்கள். மேடையில் அவருடைய மைக்கை அவருடைய இடத்திலேயே வைத்து, அதற்கு ஒரு விளக்கும் போட்டுவிட்டு, மூன்று பேராகப் பாடினார்கள். அந்தப் பயணத்தோடு குழு நின்றுவிட்டது.

2009க்குப் பிறகு வந்த ஒரு மாரிக் குளிரில், ஹான்ஸ்ருவேடி என்ற வயதான சுவிஸ்காரர் பெரிய நாடாச் சுருள்களோடு என்னிடம் வந்தார். அந்தப் பயணத்தில் சுவிஸ் மண்டபம் ஒன்றில் நடந்த கச்சேரியை ஒலிப்பதிவு செய்தவர் அவர். ஒவ்வொரு மைக்கையும் தனித்தனித் தடத்தில் பதிந்திருந்தார். யாரும் பாடாத நாலாவது மைக்கையும் அணைக்கவில்லை. இதை இசைத்தட்டாக வெளியிட அவருக்கு ஆசை. ஆனால் குழுவில் உயிரோடு இருந்தவர் கிளாரன்ஸ் ஒருவர்தான், அவர் சம்மதிக்கவேண்டும். லீரோய் போன பிறகு அவர் தங்கள் பாட்டுகளைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லையாம்.

பழைய நாடாவை மெல்லிய சூட்டில் உலர்த்தாவிட்டால் பசை விட்டுவிடும். என் மனைவி வாணியின் பழம் காயவைக்கிற பெட்டிக்குள் வைத்து எடுத்தேன், அதற்கு அவளிடம் பேச்சும் வாங்கினேன். பிறகு ஒரு பிற்பகல், வெளியே ஆற்றுப்பக்கமெல்லாம் மூடுபனி, ஒவ்வொரு தடமாகத் திறந்து கேட்டேன். நாலாவதில் மற்றவர்களின் குரல் தூரத்தில் கேட்கவேண்டும், கேட்டது. ஆனால் பாட்டின் ஒவ்வோர் அடியிலும் யாரோ மைக்குக்குக் கிட்ட நின்று மூச்சை இழுத்தார்கள். பாடவில்லை. இழுத்த மூச்சு எங்கே போனதென்று தெரியவில்லை, அடுத்த அடியில் திரும்ப இழுத்தார்கள்.

நாடாவின் ஒரு சுற்றிலுள்ள சத்தம் அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்வதுண்டு, அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அப்படி ஒட்டினால் குரல் ஒட்டும், மூச்சு மட்டும் ஒட்டாது. மெஷினைத் துடைத்தேன், வேறு மெஷினில் போட்டேன். அதே மூச்சு. ஹான்ஸ்ருவேடிக்குப் போன் எடுத்தேன். அந்த மைக்குக்குப் பக்கத்தில் கிளாரன்ஸ் ஒருவரையும் விடவில்லை என்றார்.

"வாணி, ஒருக்கா இஞ்ச வாரும். இதைக் கேளும்."

அவள் முதியோர் இல்லத்தில் தாதி. ஹெட்ஃபோனை வாங்கிப் போட்டவள் ஒரு பாட்டு முழுவதும் கேட்டாள்.

"ஆரோ மூச்சு இழுக்கினம். கொஞ்சம் கஷ்டப்பட்டு இழுக்கிற மாதிரிக் கிடக்கு. ஆரிது?"

"அந்த இடத்தில ஒருத்தரும் நிக்கேல்லை."

"சும்மா விடுங்கோ. உங்கட மூச்சா இருக்கும்."

என்று சொன்னாளே தவிர, ஹெட்ஃபோனை மேசையில் வைக்காமல் என் கையில் திருப்பித் தந்தாள்.

வசந்தத்தில் கிளாரன்ஸ், கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று, அமெரிக்காவிலிருந்து மகளோடு என்னிடம் வந்தார். எண்பது கடந்த, நெடிய மனிதர். எனக்கு ஒரே பயம். சொன்னால் அந்தக் கிழவருக்கு நெஞ்சில் ஏதாவது வந்துவிட்டால்? சொல்லாமல் அழித்துவிடவும் மனம் வரவில்லை. வாணிதான் சொன்னாள்: "மறைக்காதேங்கோ. அது அவற்ற கூட்டாளி. அவருக்குத்தானே சொந்தம்."

ஒன்றும் விளக்காமல் நாலாவது தடத்தைத் திறந்துவிட்டேன். அவர் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் அவருடைய விரல்கள் முழங்காலில் தாளம் போடத் தொடங்கின. பிறகு, நம்பினால் நம்புங்கள், சிரித்தார்.

"சொல்லுக்கு நடுவில் மூச்சு எடுக்கிறான். கேட்டாயா? மற்றவர்கள் எல்லோரும் அடி முடிந்துதான் எடுப்போம். சின்ன வயதிலிருந்து இதற்காக அவனோடு சண்டை பிடித்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

அவர் போன பிறகு பழைய இசைத்தட்டுகளை எல்லாம் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். லீரோய் மட்டும் நடுச்சொல்லில்தான் மூச்சு எடுக்கிறார்.

ஆனால் போவதற்கு முன், கச்சேரியின் கடைசிப் பாட்டைப் போடச் சொன்னார் கிளாரன்ஸ். லீரோய் இறந்த பிறகு கிளாரன்ஸ் எழுதிய பாட்டு அது. அந்தப் பயணத்தில் மட்டும்தான் பாடினார்கள். நாலாவது தடத்தில் ஒன்றுமே இல்லை. தூரத்தில் மூன்று குரல்கள், மண்டபத்தின் இரைச்சல், அவ்வளவுதான். நான் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன்.

"விடு. அவனுக்கு இந்தப் பாட்டுத் தெரியாதே" என்றார், பஸ் இன்றைக்கு ஓடாது என்று சொல்கிற மாதிரி.

அவர் பக்கத்தில் இருக்கும்போதே எல்லாத் தடங்களையும் கணினியில் ஏற்றினேன். இசைத்தட்டு வரலாம், ஆனால் நாலாவது மைக்கை அழிக்கக்கூடாது, அதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. அப்படியே வெளிவந்தது. மூன்று பேரும் பாடியிருக்கிற பாட்டைப் பாருங்கள், அழுகையை அடக்கிக்கொண்டு அப்படிச் சுத்தமாக மனிதரால் பாடமுடியுமா என்று இருக்கும். கேட்டவர்கள் ஏன் மூன்று குரல் நாலாகக் கேட்கிறது என்று ஹான்ஸ்ருவேடியிடம் கேட்டார்களாம். மண்டபம் அப்படி என்று அவர் சமாளித்தார்.

சில வருடம் கழித்துக் கிளாரன்ஸின் மகள் போன் எடுத்தாள். அப்பா நித்திரையிலேயே போய்விட்டார் என்றாள். எனக்கு வேறு எப்படித் துக்கம் கொண்டாடுவதென்று தெரியவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம், ஹான்ஸ்ருவேடி என்னிடமே விட்டிருந்த அந்த நாடாவை எடுத்து மெஷினில் பூட்டி, அவர் எழுதிய கடைசிப் பாட்டைப் போட்டேன். நாலாவது தடத்தை ஏன் திறந்தேன் என்று கேட்காதீர்கள், கை போனது.

மூச்சுக் கேட்டது.

உடனே கணினியில் ஏற்றியிருந்ததைப் போட்டேன். அதில் ஒன்றும் இல்லை. திரும்ப நாடா. மூச்சு. வாணியைக் கூப்பிட்டேன், எதில் எது என்று சொல்லாமல் இரண்டையும் போட்டுக் காட்டினேன். கணினியில் இருந்ததைக் கேட்டு, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். நாடாவைக் கேட்டதும் என் தோளைப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, நிப்பாட்டுங்கோ. காணும்."

நிறுத்தினேன். அதற்குப் பிறகு அதைப் போடவில்லை. நாடா இழுபட்டிருக்கலாம், மெஷின் பழசு, என் காதும் பழசு, சொல்வதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் இன்றைக்கும் என்னை விடுவதில்லை. மற்றப் பாட்டுகளில் அந்த மூச்சு ஒருமுறைகூட இடம் தவறியதில்லை. இந்தப் பாட்டின் முதலடியில் மட்டும் கொஞ்சம் முந்தி வருகிறது, நின்றுவிடுகிறது, பிறகு திரும்ப வருகிறது, புதுப் பாட்டு ஒன்றைப் பழகுகிறவர் எடுப்பதுபோல.