ஃபார்மெட் போட்ட நாள்

பாலிடெக்னிக்கில் கடைசிப் பருவத்தின்போது என் மகள் தன் மடிக்கணினியிலிருந்து விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டாள். நான் மலேசியாவில், பத்து பாகாட் என்ற ஊரில், ஒரு துணி ஆலையில் கிராணி, அதாவது குமாஸ்தா. விண்டோஸ் கற்றுக்கொண்டதால்தான் தையல் மெஷினிலிருந்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்தேன். அவளுடைய கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியாது.

"ஓசியில கிடைக்கிறத படிச்சா எவன் வேலை குடுப்பான்?"

"மா, நீங்க பட்டனத் தட்டுறீங்க. உள்ள என்ன நடக்குதுன்னு நான் பாக்குறேன்."

"உள்ள எட்டிப் பாக்குறதுக்கா சம்பளம்?"

"சிங்கப்பூர்ல அதுக்குத்தான் மா சம்பளம்."

சிங்கப்பூர் கம்பெனி ஒன்றில் அவளுக்கு நேர்முகத் தேர்வு; அதற்கு இரண்டு நாள் இருந்தது. எக்செல்லைத் திறக்கச் சொன்னால் விழிப்பாளே என்ற பயம் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் பக்கம் கணினிக்கு என்ன வந்தாலும் கடைக்குக் கொண்டுபோய் ஃபார்மெட் போட்டு, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதுதான் வழக்கம். அவள் தோழியைப் பார்க்கப் போன நேரத்தில் அவளுடைய மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனேன்.

"உள்ள இருக்கிறத எடுத்து வைக்கணுமா, அக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வேணாம். எல்லாம் அந்த லினக்ஸ் குப்பைதான். சுத்தமா அழிச்சிடுங்க."

நேர்முகத்தில் காட்ட அவள் எட்டு மாதமாக எழுதிய புரோகிராம் அதற்குள் இருந்தது. எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

திரையில் விண்டோஸைப் பார்த்ததும் அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வேற எங்கயும் காப்பி எடுத்து வைக்கலியா?" என்று அவள்மேலேயே பழியைப் போட்டேன்.

வெறுங்கையோடு நேர்முகத்துக்குப் போனாள். வேலை கிடைக்கவில்லை. இப்போது இங்கேயே ஒரு தொழிற்சாலையில் டேட்டா எண்ட்ரி. நாள் முழுக்க எக்செல். நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்திருக்கிறது.

அங்கே அவளுக்கு ஆபீஸ் கணினி உண்டு. இருந்தும் அந்தக் கனத்த மடிக்கணினியை தினமும் பையில் சுமந்து போகிறாள். தோள் வலிக்கப்போகிறதே, வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே என்றேன்.

காலணியை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க வீட்டுல இருக்கீங்களே மா."