நான் பிரித்த மூலை

என் மார்பில் இருந்த கட்டியை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, குயில்ட் தைக்கும் மர வளையம்தான். துணியை இழுத்துப் பிடிக்கும் அந்த வளையத்தின் விளிம்பை இடது மார்பில் முட்டுக்கொடுத்துத்தான் பல வருடங்களாகத் தைக்கிறேன். ஒரு சனிக்கிழமை மாலை அந்த விளிம்புக்கும் எனக்கும் நடுவே சுண்டைக்காய் அளவில் ஏதோ தட்டுப்பட்டது. வலி இல்லை. வளையத்தை வலது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டு மேலும் மூன்று வாரம் தைத்தேன். இதைப் படிக்கும் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

குயில்ட் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. மேலே ஒட்டுத்துணிகளை இணைத்த விரிப்பு, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றும் நகராமல் பிடித்திருப்பது கையால் போடும் சின்னச் சின்ன ஓட்டுத்தையல்.

திருவனந்தபுரத்தில் எங்கள் குழுவில் பதினொரு பெண்கள். சனிக்கிழமை நான்கு மணிக்கு லீலா அக்காவின் ஃபிளாட்டில் கூடுவோம். என் வீடு இருக்கும் கரமனையிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். வாரம் முழுக்க வங்கியில் நான் பத்தோடு பதினொன்று. அங்கே மட்டும் எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஓர் அங்குலத்துக்குப் பத்துத் தையல் போடுவேன், ஸ்கேல் வைத்து எண்ணினாலும் பத்து இருக்கும். அந்தப் பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பயாப்ஸி (கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்த அன்று டாக்டர் நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார். அறுவை சிகிச்சை, பிறகு கீமோ (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவது), பிறகு கதிர்வீச்சு. முடி கொட்டும், மறுபடி வளரும் என்றார். கடைசியில் ஒரு வரி சொன்னார். சிலருக்கு விரல் நுனி மரத்துப்போகும்.

பக்கத்தில் இருந்த என் கணவர், "பொழச்சுடுவாளோ இல்லையோ?" என்று கேட்டார். நான் கேட்டது, "தைக்க முடியுமா டாக்டர்?"

கீமோ வார்டு வராந்தாவில் காத்திருக்கும் நேரங்களில் எனக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம் வந்தது. எதிரில் ஒருத்தி பேத்திக்குச் சடை பின்னினால் அவள் விரல்களைப் பார்ப்பேன். நர்ஸ் மருந்துப் புட்டியின் மூடியை ஒரே தட்டில் திறந்தால் அவள் விரல்களைப் பார்ப்பேன். நோய் நம்மை நல்லவர்களாக்கும் என்று பலரும் எழுதுகிறார்கள். என்னை ஆக்கவில்லை.

நான்காம் சுற்றுக்குப் பிறகு ரவிக்கைக் கொக்கி மாட்ட வரவில்லை. சூடான டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்து கொப்புளம் வந்த பிறகுதான் சூடு என்று தெரிந்தது. பெரிஃபெரல் நியூரோபதி (மருந்தின் விளைவாக விரல் நுனி நரம்புகள் உணர்விழப்பது) என்று சீட்டில் எழுதினார்கள். "பேடிக்கண்டா. ஞரம்பு பதுக்கெ வரும்," என்றார் டாக்டர். பயப்படாதே, நரம்பு மெதுவாகத் திரும்ப வரும். எவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். அவர் அடுத்த சுற்றுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஊசியை எடுத்தேன். ஊசி என் விரல்களுக்கு இடையில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

இங்கே ஷைனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்த்தாண்டத்துக்காரி, கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை, என்னைவிட நான்கு வயது இளையவள். இரண்டு வருடம் முன்பு குழுவில் சேர்ந்தபோது நூல் முடிச்சை அடிப்பக்கம் தொங்கவிடுவாள். முடிச்சைப் பஞ்சுக்குள் இழுத்து மறைத்துவிடுவதுதான் முறை. எல்லோர் முன்னாலும் நான் சிரித்தேன், அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு பார்த்தால் அவள் தையல் அங்குலத்துக்கு ஆறானது, எட்டானது, எனக்கு உடம்புக்கு வருவதற்கு முந்தின மாதம் ஒன்பதானது. அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை.

நான் நோயில் விழும்போது என் குயில்ட் ஒன்று பாதியில் நின்றிருந்தது. நீலத்திலும் சாம்பல் நிறத்திலும் துண்டுகள், மேலே அலை அலையாகத் தையல். ஆறாம் சுற்று முடிந்து வந்த அன்று அது பீரோவில் இல்லை.

"உங்க குரூப்லேர்ந்து லீலா போன் பண்ணினா. கொண்டுபோய்க் குடுத்துட்டேன்," என்றார் கணவர்.

"யாரைக் கேட்டுக் குடுத்தேள்?"

"நோக்கு சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன்."

அவர்மேல் குற்றம் இல்லை. அது எங்கள் குழுவின் வழக்கம், அதைத் தொடங்கியவளே நான்தான். லீலா அக்காவுக்கு முழங்கால் அறுவை நடந்தபோது அவருடைய பாதி வேலையை எல்லோருமாகத் தைத்து முடித்துக் கொடுத்தோம். யார் எந்த இடத்தைத் தைத்தார்கள் என்று யாரும் சொல்லக்கூடாது என்ற விதியைப் போட்டவளும் நான். அப்போது பெருந்தன்மையாகத் தோன்றியது.

குழுவின் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. ஒன்றில் ஷைனி என் குயில்ட்டின் இடது கீழ் மூலையில் முகம் புதைப்பதுபோல் குனிந்திருந்தாள், கையில் ஸ்கேல். என் துணியில் தைத்துவிட்டு, பத்து வருகிறதா என்று அளந்து பார்க்கிறாள் என்று நினைத்தேன். வயிறு பற்றி எரிந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் விரல் நகங்கள்கூட ஆரோக்கியமாக இருந்தன. என்னுடையவை கறுத்துப்போயிருந்தன.

கதிர்வீச்சு முடிந்த வாரம் குயில்ட் திரும்பி வந்தது. எல்லோரும் வந்து கட்டிலில் விரித்தார்கள். "எது மைதிலி தெச்சது, எது நாங்க தெச்சதுன்னு எங்களுக்கே தெரியல," என்றார் லீலா அக்கா. என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார். நானும் சிரித்து, எல்லோருக்கும் காப்பி கொடுத்தேன். டம்ளர்களைக் கணவர் எடுத்து வந்தார்.

அவர்கள் போன பிறகு எண்ணத் தொடங்கினேன். நடுவில் நான் தைத்த பத்து. மற்றவர்கள் தைத்ததில் பெரும்பாலும் எட்டு, ஒன்பது. மூலைகளில் பத்துக்கு வந்திருந்தது, இடது கீழ் மூலையில் மட்டும் அச்சடித்ததுபோல் பிசகாத பத்து. அந்த மூலையைக் காலியாக விட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று எனக்கு நிச்சயமாக ஞாபகம் இருந்தது.

மூன்று நாள் அந்த மூலையைச் சுற்றி வந்தேன். நான்காம் நாள் பிற்பகல், கணவர் கடைக்குப் போன நேரத்தில், தையல் பிரிக்கும் கத்தியை எடுத்தேன். தைக்கத்தான் உணர்ச்சி வேண்டும். பிரிக்கக் கண் போதும். நூல் நூலாக வெட்டி இழுத்தேன். ஒரு முழம் நீளம், அரை முழம் அகலம். பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வேலையை உருப்படியாகச் செய்த திருப்தி இருந்தது. வெட்டிய நூல்களைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷைனி பலாப்பழச் சுளைகளோடு வந்தாள். குயில்ட் கட்டிலில்தான் கிடந்தது. அவள் கண் நேராக அந்த மூலைக்குப் போனது.

"யக்கா, இத எதுக்குப் பிரிச்சிய?"

"சரியா வரலை. அதான்."

அவள் மண்டியிட்டுத் துணியைத் தடவினாள். "அது நீங்க தெச்சதுல்லா," என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன்.

"அண்ணன் கொண்டுவந்து தரும்பமே அந்த மூல முடிஞ்சிருந்து. அத அளந்து பாத்துப் பாத்துதான் நான் மத்த மூணு மூலயும் தெச்சேன். உங்க மாதிரி வரணும்னு எத்தன தடவ பிரிச்சேன் தெரியுமா?" சொன்ன பிறகுதான் விதி ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

தன் போனைத் திறந்து காட்டினாள். குயில்ட் லீலா அக்கா வீட்டுக்குப் போன முதல் நாள் எடுத்த படம். மற்ற மூன்று மூலைகளும் தையல் இல்லாமல் உப்பிக் கிடந்தன. இடது கீழ் மூலையில் அலை அலையாக என் பத்து.

கீமோ மறதி (சிகிச்சைக் காலத்தில் நினைவு மங்குவது) என்று ஒன்று உண்டு. இதைப் படிக்கும் நீங்கள் சிகிச்சையில் இருந்தால் சாவியைத் தேடுவீர்கள், பால் பொங்குவதை மறப்பீர்கள், அதெல்லாம் சகஜம். என் விஷயத்தில் மறதியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அன்று கத்தியைப் பிடித்தது பொறாமை. என் பழைய கை இந்தத் துணியில் விட்டுப்போயிருந்த ஒரே மூலையை நானே பிரித்துக் குப்பையில் போட்டிருந்தேன்.

"உன் தையல்னு நெனச்சுத்தான் பிரிச்சேன்," என்றேன்.

ஷைனி போனை மூடி வைத்தாள். முகம் சிவந்திருந்தது. "உங்க கையப் பாத்து எனக்கும் வயிறு எரிஞ்சிருக்கு யக்கா," என்றாள். "ஆனா நான் பிரிக்கலல்லா."

பலாச்சுளையை அவள்தான் தட்டில் எடுத்து வைத்தாள். இருவரும் தின்றோம்.

கிளம்பும்போது கேட்டாள். "நான் தெச்சுத் தரட்டா? உங்க தையல் இப்ப எனக்கு வரும்."

வரும் என்று எனக்கும் தெரியும். மற்ற மூன்று மூலைகளில் வந்திருக்கிறதே. என் பத்தை இனி யாராவது பார்க்க வேண்டுமென்றால் அவள் விரலில்தான் பார்க்க வேண்டும். அவள் தைத்தால் குயில்ட் பழையபடி ஆகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு நிமிடம் சரி என்று சொல்ல வாய் வந்தது.

"வேண்டாம். ஊசியில நூல் மட்டும் கோத்துக் குடுத்துட்டுப் போ," என்றேன்.

பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோத்து, பஞ்சுத் தலையணையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போனாள். வாரம் ஒரு முறை வந்து இன்றும் அப்படித்தான் செய்கிறாள்.

விரல் சொல்லாததைக் கண்ணால் பார்த்துத் தைக்கிறேன். அங்குலத்துக்கு நான்கு வருகிறது, சில நாள் மூன்று. கோடு நேராக நிற்பதில்லை. அரை மணி நேரம் தைத்தால் அரை மணி நேரம் படுக்க வேண்டும். முன்பு ஒரு குயில்ட்டை எத்தனை மாதத்தில் முடிப்பேன் என்று கணக்கு வைத்திருந்தேன். இப்போது ஒரு நாள் என்பது ஓர் ஊசி நூல். போன வாரம் நடுவிரலில் ஊசி ஏறியது தெரிந்தது. வலி என்று சொல்ல முடியாது, தூரத்தில் யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது. டாக்டரிடம் சொன்னேன், அவர் சிரித்தார்.

ஷைனிமேல் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். அவள் நூல் கோக்கும் வேகத்தைப் பார்த்தால் இன்னும் உள்ளே சுருக்கென்கிறது.

ஆனால் அவளைவிட அதிகமாக எனக்குப் பொறாமை தருபவள் ஒருத்தி அந்த மூலையிலேயே இருக்கிறாள். தையலைப் பிரித்தாலும் என் பழைய கை குத்திய ஓட்டைகள் துணியில் அப்படியே நிற்கின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும், இடைவெளி பிசகாமல், வரிசை வரிசையாக. அவற்றின்மேல்தான் நான் தைக்கிறேன். என் ஒரு தையல் அவளுடைய இரண்டு மூன்று ஓட்டைகளைத் தாண்டி விழுகிறது.

தைத்து முடித்த குயில்ட்டைத் துவைப்பது எங்கள் வழக்கம். ஒருமுறை தண்ணீரில் நனைந்தால் நூலிழைகள் நெருங்கி, பழைய ஓட்டைகள் மூடிவிடும். மூலையை நேற்று முடித்தேன். வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தேன். அதைக் கொண்டுபோய்ச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தேன்.